நின்றபடி ஓடிய ஒன்றே முக்கால் மணி நேரம்

கோகிலவாணியின் திரையில் அந்த விண்ணப்பம் வந்து விழுந்தபோது மணி மூன்று முப்பத்தாறு. நான்கு மணிக்கு அவளைக் கூப்பிடுவார்கள். இருபத்து நான்கு நிமிடம், ஒரு விண்ணப்பத்துக்கு நான்கு நிமிடம் என்றால் ஆறு விண்ணப்பம், ஆறே ஆறு, அதைத் தப்பில்லாமல் தள்ளிவிட்டால் போதும், அப்புறம் கிளமெண்ட் சார் எழுந்து வந்து கண்ணாடி அறையைக் காட்டுவார், உள்ளே போய் உட்கார்ந்தால் வேலை நிரந்தரம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள் அல்லது வாங்கமாட்டார்கள். வாங்கமாட்டார்கள் என்ற பக்கத்துக்கு மனசு போகக் கூடாது என்று காலையிலிருந்து அதைப் பிடித்துப் பிடித்து இழுக்கிறாள், அது என்னவோ அந்தப் பக்கமே போய் நின்றுகொள்கிறது. இடது கண் இமை துடிக்கிறது. பெண்களுக்கு இடது கண் துடித்தால் நல்லது என்று பக்கத்து நாற்காலி ரஹிமா சொல்லிவிட்டாள், தூக்கமில்லாமல் துடித்தாலும் நல்லதா என்று கேட்க இவளுக்குத் தைரியம் வரவில்லை. சரவணம்பட்டியில் ஆறாம் மாடி, வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே சால்வை போர்த்திக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். வேலை என்ன பெரிய வேலை, இணையத்தில் வீடியோ விளையாட்டு விற்கிற ஒரு கடைக்காக, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறேன் பணத்தைக் கொடு என்று கேட்பவர்களுக்கு ஆம் அல்லது இல்லை சொல்வது. சட்டமும் இரண்டே வரி. வாங்கிப் பதினான்கு நாளுக்குள் கேட்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருக்க வேண்டும். இரண்டும் சரியென்றால் பச்சைப் பொத்தான், ஒன்று தவறினாலும் சிவப்பு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்துவிடும். ஆறு மாதத்தில் அவளுக்கு அதிலும் இரண்டு தவறு விழுந்திருக்கிறது, மூன்றாவது விழுந்தால் நிரந்தரம் கிடையாது.

விண்ணப்பத்தின் தலையிலேயே கணக்கு வந்துவிடும். வாங்கி மூன்று நாள். விளையாடிய நேரம் இரண்டு மணி இருபத்து மூன்று நிமிடம். சிவப்பு. முடிந்தது. படிக்கவே வேண்டியதில்லை, படிப்பதால்தான் உனக்கு நேரம் போகிறது என்று கிளமெண்ட் சார் நூறு தடவை சொல்லியிருப்பார். அவர் கெட்டவர் இல்லை. "கோகிலா, இலையில சாப்ட்டு முடிச்சு ஏப்பம் விட்டுட்டு சாப்பாடு வேண்டாம், காசைக் குடுன்னா ஓட்டல்காரன் என்ன பண்ணுவான் சொல்லுங்க" என்பார். நியாயம்தான். பார்க்காத பித்தலாட்டமா. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிற குட்டி விளையாட்டாகத் தேடிப் பிடித்து வாங்கி, முடித்து, ஒன்று ஐம்பத்தெட்டில் திருப்பி அனுப்புகிற ஒரு மகராசன் இருக்கிறான், இதுவரை நாற்பது விளையாட்டு ஆயிற்று, சட்டப்படி அவனுக்குப் பச்சை. பச்சை பச்சையாக அழுத்திக் கொடுத்திருக்கிறாள். மாமா இறந்துவிட்டார் என்று ஒருவர் எழுதினார், அடுத்த மாதமும் அதே மாமா இறந்தார். அதனால் படிக்காமல் இருப்பதே நல்லது. ஆனால் கண் என்று ஒன்று இருக்கிறதே, தமிழ் எழுத்தைப் பார்த்தால் அதுபாட்டுக்குப் படித்துவிடுகிறது, நிறுத்து என்றால் நிற்கிற வண்டியா அது. படித்துவிட்டாள்.

"வணக்கங்க. என் பேரு மருதமுத்து, துறையூரு. இருபத்தாறு வருஷம் அரசு பஸ் டிரைவர். போன வருஷம் கண் டெஸ்ட்ல நிக்கலைங்க, நேரா தெரியுது, சைடுல வர்றது தெரியமாட்டேங்குது. இப்ப டெப்போவுக்குள்ள சீட்டு எழுதுற வேலை. கம்ப்யூட்டர்ல பஸ் ஓட்டுற கேம் இருக்கு, அதுல யாரையும் ஏத்திட மாட்டீங்க, தைரியமா ஓட்டுங்கன்னு மச்சான் சொல்லி வாங்கினேன். வெள்ளிக்கிழமை லீவு. புது வண்டிங்கிறதால ராகு காலத்துக்கு முன்னாடி பத்து இருபதுக்கே ஸ்டார்ட் பண்ணி, எலுமிச்சம்பழம் வச்சு, சூடம் காட்டி அப்படியே விட்டுட்டேன். ராகு காலத்துல எடுக்கக் கூடாது, ஆஃப் பண்ணி திரும்ப ஸ்டார்ட் பண்ணா அதுவும் ராகு காலத்துல ஸ்டார்ட் பண்ண மாதிரி ஆயிடும். அதனால ஓடட்டும்னு விட்டுட்டு, பன்னெண்டுக்கு மேலதாங்க உக்காந்தேன். உக்காந்து பாத்தா ஸ்டியரிங் இடது பக்கம் இருக்குங்க. ரோட்டுலயும் வலது பக்கமா போகச் சொல்லுது. எல்லா நாட்டு ரோடும் உண்டுன்னு போட்டிருந்தாங்க. மாத்துறதுக்கு அரை மணி நேரம் தேடினேன், இல்லை. எதிர்ல வர்றவனெல்லாம் என் மேலயே வர்றான், தலை சுத்திருச்சு. நான் ஓட்டினது பத்து நிமிஷம்கூட இருக்காது. ஆனா ரெண்டே கால் மணி நேரம் விளையாடினேன்னு காட்டுது. தயவு பண்ணி பாத்து செய்யுங்கம்மா."

சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. இதைக் கடைக்காரனிடம் யார் போய்ச் சொல்வது? விளையாட்டைத் திறந்து வைத்தாலே நேரம் ஓடும், நீ ஓட்டுகிறாயா, ஒதுங்கி நிற்கிறாயா, சூடம் காட்டுகிறாயா என்று அந்தக் கடிகாரத்துக்குத் தெரியாது. ராகு காலம் என்றால் என்னவென்று, இவர்கள் தீர்ப்பைச் சரிபார்க்கிற தணிக்கைக்காரருக்கு எழுதினால் அவர் என்ன நினைப்பார்? அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே யாருக்கும் தெரியாது, பெயரும் தெரியாது, போன மாதம் இவள் இரண்டு மணி மூன்று நிமிடத்துக்குப் பச்சை கொடுத்ததற்கு ஒரே வரி எழுதியிருந்தார், இரக்கம் ஒரு காரணம் அல்ல என்று. மூன்று நிமிடம். அதைக் கொடுத்ததற்கு முதல் தவறு. ஒரே விண்ணப்பத்தில் பதினொரு நிமிடம் உட்கார்ந்ததற்கு இரண்டாவது. இங்கே மூன்று நிமிடம் இல்லை, இருபத்து மூன்று. நினைத்துப் பார்க்கவே கூடாது. ஆனால் ஒருவேளை பொய்யாக இருந்தால்? பொய்யென்று தெரிந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி. மூன்று பொத்தானுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பக்கம் உண்டு, யார் எப்போது எந்த விசையைத் தொட்டார்கள் என்று அதில் வரிசையாக இருக்கும், அதைத் திறக்கத் தேவையில்லை என்று பயிற்சியில் சொன்னார்கள், திறக்காதே என்று சொல்லவில்லை. பொய்யாக இருக்கட்டும், பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே திறந்தாள். பத்து இருபத்தொன்றுக்கு விளையாட்டு திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வெறும் கோடு. பன்னிரண்டு மூன்றுக்கு முதல் விசை. கிழவர் ராகு காலம் முடிந்து மூன்று நிமிடம் கூடுதலாக விட்டிருக்கிறார். அதற்குப் பிறகு நாற்பத்தொரு நிமிடம், அதிலும் பாதிக்கு மேல் அமைப்புகளைத் திறந்து மூடித் திறந்து மூடித் தேடியிருக்கிறார். ஐம்பத்து சொச்ச வயதுக்காரரைக் கிழவர் என்கிறோமே என்று தோன்றியது, அப்பாவுக்கும் அந்த வயதுதான்.

வெறும் கோடு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அங்கேதான் மனசு மாட்டிக்கொண்டது. ஒன்றே முக்கால் மணி நேரம் அந்த மனிதர் வண்டியில் ஏறவே இல்லை, ஆனால் கணக்கில் ஏறிவிட்டது. ஆடி மாதம் இவள் கல்யாணக் கணக்கில் ஏறியது போல. வைகாசியில் கல்யாணம், ஆனி முழுக்க விருந்து, எந்த வீட்டில் எந்தப் பாயில் படுத்தோம் என்று நினைவில்லை, பெருந்துறையில் ஒரு நாள், காங்கேயத்தில் இரண்டு நாள், எல்லா வீட்டிலும் அதே கோழி வறுவல், அவன் எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசுகிறான், தரணீதரன் மாதிரி மாப்பிள்ளை கிடைக்க வேண்டுமே என்கிறார்கள். ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. ஆவணியில் அவனை ஓசூரில் பயிற்சிக்குப் போட்டார்கள், மார்கழி வரை அங்கேதான், இங்கே மாமியார் அத்தையும் இவளும் தொலைக்காட்சியும். தையில் வந்தான், அத்தை கூடவே இருந்தார். மாசியில் மூத்த மருமகளுக்குப் பிரசவம் என்று அத்தை ஈரோட்டுக்குப் போனார், மறுநாள் காலை அவன் வேலைக்குக் கிளம்பினான், கம்பிக் கதவுக்கு வெளியே டக் என்று ஒரு சத்தம். மறந்துபோய்ப் பூட்டிவிட்டான் என்றுதான் நினைத்தாள். போன் செய்து சிரித்தாள்கூட. ஏனுங்க, என்னைய உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டீங்க என்று. அவன் சிரிக்கவில்லை. "மறக்கல. திருட்டு பயம். நான் வந்து தெறந்துக்கறேன்" என்றான். சாயங்காலம் ஏழு மணிக்குத் திறந்தான். மறுநாளும் டக். அதற்கு மறுநாளும்.

டக் என்று பின்னால் சத்தம் கேட்டது, உடம்பு தூக்கிப்போட்டது. ஒன்றுமில்லை, தளத்துக் கதவு, யாரோ அட்டையைக் காட்டி வெளியே போகிறார்கள். இங்கே அட்டையை இவளே காட்டலாம், எப்போது வேண்டுமானாலும் காட்டலாம், தண்ணீர் குடிக்க, மூத்திரம் போக, சும்மா போய்ப் படிக்கட்டில் நிற்க. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் காரணமே இல்லாமல் நான்கு தடவை வெளியே போய்விட்டு உள்ளே வந்தாள். ரஹிமா வயிறு சரியில்லையா என்று கேட்டாள், ஆமாம் என்று சொல்லிவிட்டாள். திரையின் மூலையில் கடிகாரம் மஞ்சளாகிவிட்டது. மூன்றரை நிமிடம். அழுத்து. மேலிடத்துக்கு அனுப்பு என்று மூன்றாவதாக ஒரு பொத்தான் உண்டு, ஒரு நாளைக்கு ஐந்து, காலையிலேயே பயத்தில் ஐந்தையும் அனுப்பித் தீர்த்துவிட்டாள். காரணங்களின் பட்டியலைத் திறந்தாள். விளையாட்டு திறக்கவில்லை. பாதியில் நின்றுவிட்டது. தவறுதலாக இருமுறை வாங்கியது. ராகு காலம் என்று எதுவும் இல்லை, எப்படி இருக்கும். பாதியில் நின்றுவிட்டது என்று பொய்யாகக் குறித்தால் என்ன? தப்பித்துவிடலாம், பத்தில் ஒன்றைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் இன்று பார்ப்பார்கள், நான்கு மணி ஆட்களின் கடைசி இருபதையும் எடுத்துப் பார்ப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வேண்டாம். அந்த மனிதருக்கு வேலை இருக்கிறது, சீட்டாவது எழுதுகிறார், எனக்கு என்ன இருக்கிறது? வாங்குவதற்கு முன் விசாரித்திருக்க வேண்டாமா, இருபத்தாறு வருடம் வண்டி ஓட்டியவர் ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று படத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்காதா? இப்படி நினைத்தபோது அது தன் குரலாக இல்லை, பெரியம்மாவின் குரலாக இருந்தது, அதைக் கேட்டுக்கொண்டே சிவப்பை அழுத்திவிட்டாள். நான்கு நிமிடம் ஐம்பது நொடி. அச்சடித்த பதில் தானாகப் போனது. தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், உரிய நேரத்துக்குள் தாங்கள் தெரிவித்திருந்தால் மகிழ்ச்சியுடன் பரிசீலித்திருப்போம்.

அடுத்தது விளையாடிய நேரம் ஒன்று பத்து, பச்சை. அடுத்தது நாற்பது நாள் கழித்து வந்திருக்கிறது, சிவப்பு. கை நன்றாக ஓடியது, படிக்கவில்லை, படிக்காமல் இருப்பது இவ்வளவு சுலபமா, இதை ஆறு மாதத்துக்கு முன்பே யாராவது இப்படிப் பிடரியில் அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாதா? கிளமெண்ட் சார் இரண்டு வரிசைக்கு அப்பால் எழுந்து நின்று சட்டையை உள்ளே செருகிக்கொண்டார், இவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். நல்லவர். வேலை நிரந்தரம் ஆகிவிட்டால் அப்பாவுக்கு உடனே சொல்ல வேண்டும். கைபேசி உள்ளே கொண்டுவரக் கூடாது, வெளியே பெட்டகத்தில் இருக்கிறது. அப்பா காத்துக்கொண்டிருப்பார். "வேலை நெலைக்கட்டும் கண்ணு. நெலைச்சுதுன்னா நான் எவங்கிட்ட வேணாப் பேசிக்கறேன். இல்லாட்டி ஞாயித்துக்கெழமை அவங்க நாலு பேரு வந்து உக்காந்தா நான் என்னன்னு சொல்றது?" என்றார். அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடச் சொல்லிப் பேச வரப்போகிறவர்கள் யார் யார் என்று தெரியும். பெரியம்மாவும் வருவார். போன தடவை அவர்தான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், "ஏன் அம்மிணி, பதினோரு மாசங் கழிச்சுத்தான் பூட்டு கண்ணுக்குத் தெரிஞ்சுதா? புடிக்கலைன்னா முந்தியே சொல்லோணும். மொதல் மாசத்துலயே சொல்லியிருந்தா ரெண்டு பேர்த்துக்கும் நல்லது." சபையில் எல்லோரும் தலையை ஆட்டினார்கள், ஆட்டாத தலை ஒன்றுகூட இல்லை. பூட்டு முதல் மாதத்தில் இல்லையே என்று சொல்ல வாயைத் திறந்தாள், அதற்குள் ஒருவர் பத்திரத்துக்குத்தானே பூட்டினான், அடிச்சானா உதைச்சானா என்று ஆரம்பித்துவிட்டார்.

அடிக்கவில்லை. ஐம்பத்து சொச்சம் நாள், பூட்டுகிறதும் திறக்கிறதும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் மீன் குழம்பு கொண்டுவந்தார், கிண்ணம் கம்பிக்குள் நுழையவில்லை, உள்ளேயிருந்து இவள் ஒரு டம்ளரை நீட்டினாள், அக்கா கிண்ணத்தைச் சாய்த்து ஊற்றினார், பாதி தரையில் போயிற்று, மீன் துண்டு மட்டும் கம்பியில் மாட்டிக்கொண்டது. அக்கா அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை. அதை எப்படிச் சபையில் சொல்வது? மீன் துண்டு கம்பியில் மாட்டிக்கொண்டது, அதனால் நான் வந்துவிட்டேன் என்றா? ஒருநாள் பால் பொங்கித் தீய்ந்து வீடு முழுக்கப் புகை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கூப்பிடலாம் என்றால் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று வெட்கமாக இருந்தது. வெட்கம்தான், பயம்கூட அப்புறம்தான் வந்தது. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் கேன்காரர் வந்தார், அவன் கதவைத் திறந்துவிட்டுச் சில்லறை எடுக்க உள்ளே போனான், இவள் செருப்புகூடப் போடாமல் நடந்து பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டாள். பதினொரு மாதம் என்கிறார்கள். விருந்தைக் கழி, ஆடியைக் கழி, ஓசூரைக் கழி, அத்தையைக் கழி, எவ்வளவு மிஞ்சும்? யாராவது கழித்துப் பார்த்தார்களா? பார்க்கத் தேவையில்லை என்று யாரோ அவர்களுக்கும் பயிற்சி கொடுத்திருப்பார்கள் போல.

மூன்று ஐம்பது. திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு உறை துள்ளியது. மறுக்கப்பட்டவர்கள் திருப்பி எழுதினால் மறுத்தவரிடமே வரும். பெரும்பாலும் திட்டித்தான் எழுதுவார்கள், கொள்ளைக்காரர்கள், வழிப்பறி, உங்கள் குடும்பம் விளங்காது, எல்லாம் பழகிவிட்டது. மருதமுத்து என்ற பெயரைப் பார்த்ததும், திட்டுங்க, நல்லாத் திட்டுங்க என்று ஆசையோடு திறந்தாள். திட்டு வாங்கிவிட்டால் சரியாகிவிடும், ஒன்றுக்கு ஒன்று என்று ஆகிவிடும்.

"சரிங்கம்மா. சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். என் பேர்லதான் தப்பு, ஆஃப் பண்ணிட்டுப் போயிருக்கணும். முன்னாடியே சொல்லியிருந்தா செஞ்சிருப்போம்னு எழுதியிருக்கீங்க, அதுவே சந்தோஷம். எனக்குதான் முன்னாடியே சொல்லத் தெரியலை. உங்க வேலைக்கு நடுவுல தொந்தரவு பண்ணதுக்கு மன்னிச்சுக்குங்க."

திரும்பவும் படித்தாள். ஒரு கோபம், ஒரு நக்கல், ஒரு சாபம் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகத் தேடினாள், கிடைக்கவில்லை. இதே சொற்களை அவளும் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குச் சபை கலைந்து எல்லோரும் செருப்பு மாட்டும்போது வாசற்படியில் நின்று ஒவ்வொருவராகக் கைகூப்பி, என் பேர்லதானுங்க தப்பு, முன்னமே சொல்லியிருக்கோணும், எல்லார்த்துக்கும் சிரமம் குடுத்துட்டேன் என்றாள். யாரும் கேட்கவில்லை, தானாகவே சொன்னாள். சொல்லி முடித்ததும் அவர்கள் முகத்தில் ஒரு திருப்தி வந்தது பாருங்கள், இன்றைக்கும் அது அவளுக்குச் சோறு இறங்காமல் செய்கிறது. ஒரு அச்சடித்த வரி போய் ஒரு மனிதரைக் கைகூப்ப வைத்துவிட்டது. இருபத்தாறு வருடம் ஊர் ஜனத்தைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தவர், கண்ணில் ஓரம் தெரியவில்லை என்றதும் ஸ்டியரிங்கை விட்டு இறக்கிவிட்டார்கள், ஒரு பொம்மை வண்டிக்குப் போய்ச் சூடம் காட்டி நல்ல நேரம் பார்த்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை என்கிறார். அவருக்கு என்ன தெரியவில்லை? வண்டியை எடுத்துப் பார்க்காமல் வண்டியைப் பற்றி யாருக்குத்தான் என்ன தெரியும்? பத்து நிமிடம் ஓட்டிய உடனே தெரிந்துகொண்டார், அன்றைக்கே சொல்லிவிட்டார். அதற்கு மேல் ஒரு மனிதர் எவ்வளவு சீக்கிரம் சொல்ல முடியும்?

தன் தீர்ப்பைத் தானே மாற்றலாம், ஒரு மணி நேரத்துக்குள். மாற்றினால் முதல் தீர்ப்பு தவறு என்று தானாகவே ஒரு குறி விழும், அதைக் கிளமெண்ட் சார் நினைத்தாலும் அழிக்க முடியாது. மூன்றாவது குறி. நாளைக்கு மாற்றலாமே என்று ஒரு யோசனை வந்தது, நாளைக்குள் ஒரு மணி நேரம் முடிந்துவிடும். நான்கரைக்கு மாற்றலாமே, உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து நிதானமாக மாற்றலாமே. அது நல்ல யோசனை, ரொம்ப நல்ல யோசனை, நான்கு நாற்பது வரை நேரம் இருக்கிறது, ஏன் கூடாது? ஆனால் நான்கரைக்கு மாற்றுவாளா? தன்னைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் தெரியும். கையெழுத்துப் போட்ட சந்தோஷத்தில் ரஹிமாவோடு காபி குடிக்கப் போவாள், அப்பாவிடம் பேசுவாள், அழுவாள், நான்கு நாற்பத்தொன்றாகிவிடும், அடடா என்று உச்சுக்கொட்டுவாள். பூட்டின முதல் நாளே கிளம்பியிருக்கலாம், நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஐம்பது நாள் பார்த்தவள்தானே. பயமாக இருந்தது. இந்தப் பயத்துக்கு ஒரு ருசிகூட உண்டு, நாக்கில் தகரத்தை வைத்தது போல. ஞாயிற்றுக்கிழமை, நாலு பேர், காபி டம்ளர், கம்பிக் கதவு. கை விசையின் மேல் இருந்தது, அதை யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபரிசீலனையை அழுத்தினாள். காரணம் கேட்டது. பட்டியலின் கடைசியில் பிற காரணம் என்று ஒன்று இருக்கும், அதை யாரும் தொடுவதில்லை, தொட்டால் எழுத வேண்டும், எழுதினால் நேரே தணிக்கைக்குத்தான் போகும். எழுதினாள். விளையாட்டு பத்து இருபத்தொன்றுக்குத் திறக்கப்பட்டது, பன்னிரண்டு மூன்று வரை எந்த விசையும் தொடப்படவில்லை, பதிவேட்டைப் பார்க்கவும். இவர் விளையாடிய நேரம் நாற்பத்தொரு நிமிடம் மட்டுமே. குறை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், தெரிந்த அன்றே தெரிவித்துவிட்டார். தாமதம் எதுவும் இல்லை. தாமதம் எதுவும் இல்லை என்பதை இரண்டு தடவை எழுதியிருப்பதைப் பார்த்தாள், ஒன்றை அழிக்கப் போய் அழிக்காமல் விட்டாள். பச்சை. திரையின் மேல் மூலையில் இரண்டு என்று இருந்த எண் சத்தமில்லாமல் மூன்று ஆனது.

"என்னடி பண்ணினே?" என்று ரஹிமா சால்வைக்குள்ளிருந்து கேட்டாள். அவள் கண் அந்த எண்ணின் மேலேயே நின்றது. "ஐயோ. இன்னைக்கா? பத்து நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா நீ?"

"பொறுத்திருந்தா பண்ணியிருக்க மாட்டேன் ரஹிமா" என்றாள் கோகிலா. சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. எழுந்தாள். அட்டையைக் காட்டினாள், கதவு டக் என்றது, வெளியே வந்து பெட்டகத்தைத் திறந்து கைபேசியை எடுத்தபோது மணி மூன்று ஐம்பத்தாறு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிளமெண்ட் சார் தன் திரைக்குக் குனிந்து எதையோ பார்ப்பதும், நிமிர்ந்து இவள் நாற்காலியைத் தேடுவதும் தெரிந்தது. அப்பா முதல் மணியிலேயே எடுத்துவிட்டார், கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் போல.

"சொல்லு கண்ணு. ஆச்சா?"

"அப்பா, நான் அந்த ஊட்டுக்குப் போகமாட்டனுங்ப்பா. வேலை நெலைச்சாலும் போகமாட்டேன், நெலைக்காட்டியும் போகமாட்டேன். ஞாயித்துக்கெழமை வர்றவங்ககிட்ட அதையே சொல்லிப்போடுங்க. நீங்க சொல்லாட்டி நானே வந்து சொல்லிக்கறேன்."

அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் போகும் சத்தம் கேட்டது. அதற்கு மேலே குரலை உயர்த்தி அப்பா கேட்டார்.

"மீட்டிங் முடிஞ்சுதா சாமி? வேலை இல்லைன்னுட்டாங்களா?"

"இன்னும் உள்ள போகவே இல்லீங்ப்பா" என்றாள். "அவங்க என்ன சொன்னாலும் சரின்னு, அதுக்கு முன்னாடியே உங்ககிட்ட சொல்லிடலாம்னுதான்."

கிளமெண்ட் சார் கண்ணாடிக் கதவைத் தட்டி உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினார், முகத்தில் சிரிப்பு இல்லை. அவள் கைபேசியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டி, சாவியைச் சுடிதார்ப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.